காத்திருக்கத் தெரிந்த நிரல்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



டர்போ சி படித்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். 'இனிட்கிராஃப்' போட்டு ஒரு வட்டம் வரைவோம். கடைசியில் 'கெட்-சிஹெச்' என்று ஒரு வரி. அது இல்லாவிட்டால் வட்டம் கண்ணில் படுவதற்குள் மறைந்துவிடும். ஒரு விசையைத் தட்டும்வரை நிரல் அந்த வரியிலேயே நிற்கும். டாஸில் அதனால் கெடுதல் இல்லை. திரை முழுவதும் நம்ம நிரலுக்குத்தானே சொந்தம்!

ஜன்னல்களும் பட்டன்களும் வந்த பிறகு கதை வேறு. மவுஸை அசைத்தாலும், பட்டனை அழுத்தினாலும் ஒவ்வொன்றும் ஒரு செய்தியாக வந்து வரிசையில் நிற்கும். நிரல் அவற்றை எடுத்துக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். 1992-இல் வந்த விண்டோஸ் 3.1-இல் ஒரு நிரல் வரிசையைப் பார்க்காமல் விட்டால் மற்ற விண்டோஸ் நிரல்களும் சேர்ந்து நின்றுவிடும். இன்றைய விண்டோஸ் 5 விநாடி பொறுத்துப் பார்த்துவிட்டு 'நாட் ரெஸ்பான்டிங்' என்று தலையில் எழுதிவிடும்.

மாணவர்களின் புராஜெக்ட்களைப் பார்க்கிறேன். 'ஓகே' அழுத்தும்வரை நிறுத்த, "அழுத்தியாச்சா, அழுத்தியாச்சா" என்று கேட்கும் வைல் லூப் போடுகிறார்கள். நிரல் சுற்றுவதிலேயே மூழ்கிவிடுவதால் அழுத்திய செய்தியை எடுக்க ஆளில்லை. லூப் முடிய பட்டன் வேண்டும். பட்டன் வேலை செய்ய லூப் முடிய வேண்டும்! நடுவில் ஸ்லீப் போட்டாலும் இதே கதிதான்.

பைத்தானின் டிகின்டரில் இதற்கென்றே 'வெயிட் வேரியபிள்' இருக்கிறது. ஒரு மாறிக்கு மதிப்புத் தரும்வரை அந்த வரியில் நிற்கும். ஆனால் செய்தி வரிசையைக் கவனித்துக்கொண்டே நிற்கும். பட்டனுக்கான ஃபங்ஷனில் மாறிக்கு மதிப்பைப் போட்டால் போதும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கு, கவனிங்க. வைவாவுக்கு வந்த தேர்வாளர் பட்டனைத் தொடாமல், மூலையிலுள்ள பெருக்கல் குறியை அழுத்தி ஜன்னலை மூடுகிறார் என்று வையுங்கள். மாறிக்கு மதிப்புப் போட இனி யாருமில்லை. ஜன்னல் போய்விடும், நிரல் மட்டும் டாஸ்க் மேனேஜரில் பேய் மாதிரி உட்கார்ந்திருக்கும். அது சீரியல் போர்ட்டைப் பிடித்து வைத்திருந்தால், மறுபடி ஓட்டும்போது போர்ட் கிடைக்காது. ஆறு மாத உழைப்பு தேர்வாளர் கண்முன்னே படுத்துவிடும். அதனால் ஜன்னலை மூடும் செய்திக்கும் ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள். அதில் முதலில் மாறிக்கு வேறொரு மதிப்பு, பிறகு ஜன்னலை அழிப்பது. காத்திருந்து வெளியே வந்ததும் எந்த மதிப்பு என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.

நிரல் பெரிதானால், என்னைக் கேட்டால் நடுவில் நிறுத்தவே வேண்டாம். அழுத்தியபின் நடக்க வேண்டியதைத் தனி ஃபங்ஷனாக்கிப் பட்டனிடமே கொடுத்துவிடலாம். யாராவது ஆய்வகத்தைத் திறந்து வைத்தால், சாப்பாட்டுக்கு அப்புறம் ஓட்டியே காட்டுகிறேன்.