பத்திரம் பார்த்தோம், கூரையைப் பார்க்கவில்லை
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

சேமிப்பைப் பற்றியும் கடனைப் பற்றியும் பேச இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எங்கள் வீட்டு அடுப்படிக் கூரை விழுந்த கதையைச் சொல்கிறேன்.

2019 தை மாதம், தளம் போட்ட பழைய வீடு ஒன்றை வாங்கினோம். என் நகை ஒன்பது பவுன், எங்க வீட்டுக்காரர் பி.எஃப். பணம், மீதிக்குப் பேங்க் கடன். வில்லங்கம் போட்டுப் பார்த்தோம். தாய்ப்பத்திரம், பட்டா எல்லாம் வக்கீலிடம் காட்டினோம். காகிதத்தில் ஒரு குறை கிடையாது. ஆனால் வீட்டுக்குள் எத்தனை நேரம் இருந்தோம் தெரியுமா? பதினைந்து நிமிஷம். நான் அடுப்பு எந்தத் திசை என்று பார்த்தேன். அவர் வண்டி நிறுத்த இடம் இருக்கா என்று பார்த்தார். புதுப் பெயிண்ட் வாசம்கூடப் போகவில்லை, அதையே பெருமையாக நினைத்தோம்.

ஐப்பசி மழை பிடித்தது. ஒரு ராத்திரி ரெண்டு மணி இருக்கும், பாத்திரம் உருளுகிற சத்தம். பூனை என்று நினைத்து லைட்டைப் போட்டால், அடுப்படி முழுக்கக் காரை. மேலே துருப்பிடித்த கம்பி தெரியுது. அந்த இடத்தில்தான் என் மகள் பரீட்சைக்குப் படிப்பாள். அன்றைக்குப் பதினோரு மணிக்குத்தான் எழுந்து போயிருந்தாள். அதை இப்போது சொன்னாலும் எனக்குக் கை நடுங்குது.

அப்புறம்தான் ஒரு இன்ஜினியரைக் கூப்பிட்டோம். "மாடியில தண்ணி நின்னு இறங்கிக் கம்பி துருப்பிடிச்சிருக்கு. துரு ஏறினா கம்பி பருத்து காங்கிரீட்டைப் பிளந்து தள்ளும். இது இந்த மழையில வந்ததில்லம்மா, மேலே பூசி மறைச்சு வித்திருக்காங்க" என்றார். சரி செய்ய 1,40,000 ரூபாய் ஆச்சு. அவர் பார்த்துச் சொன்னதற்கு வாங்கினது 3,000.

"பேங்க் இன்ஜினியர் வந்து பார்த்தாரே" என்று எங்க வீட்டுக்காரர் கேட்டார். நீங்களும் கேட்பீர்கள். அவர் வருவது, வீடு எவ்வளவு பெறும், கடனுக்கு ஈடாகுமா என்று பார்க்க. அது பேங்குக்காக. நமக்காகப் பார்க்கிற ஆளை நாம்தான் கூட்டிப் போகணும். புரோக்கர் கூட்டி வருகிற ஆளும் வேண்டாம்.

புதிதாகக் கட்டி விற்கிற அடுக்குமாடி என்றால் 2016-இல் வந்த ரியல் எஸ்டேட் சட்டம் இருக்கு. ஒப்படைத்த 5 வருஷத்துக்குள் கட்டுமானக் குறையைச் சொன்னால், கட்டினவர் 30 நாளுக்குள் தன் செலவில் சரி செய்து தரணும். கை மாறி வருகிற பழைய வீட்டுக்கு இந்தக் கணக்கு வராது.

போன வருஷம் எங்கள் குழுவில் ஒரு தங்கை வீடு பார்த்தாள். "அட்வான்ஸ் கொடுக்காதே" என்று சொல்லி அதே இன்ஜினியரைக் கூட்டிப் போனேன். ரெண்டு மணி நேரம் பார்த்தார். கூரையைக் கம்பால் தட்டித் தட்டிக் கேட்டார், பொத்தலாகச் சத்தம் வந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டார். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டார். மீட்டர் பெட்டியில் எர்த் ஒயரே இல்லை. பீரோவை நகர்த்தச் சொன்னார், வீட்டுக்காரருக்கு முகம் மாறிப்போச்சு. பின்னால் சுவரில் படிக்கட்டு மாதிரி விரிசல், ஒரு ரூபாய் காசு உள்ளே போகுது! பூச்சில் முடி மாதிரி ஓடுகிற விரிசலுக்குப் பயப்பட வேண்டாமாம். இது அஸ்திவாரம் இறங்கின விரிசல். செப்டிக் டேங்க்கை அந்தச் சுவரை ஒட்டியே கட்டியிருந்தார்கள்.

"என் வீட்டைக் குறை சொல்லவா வந்தீங்க?" என்று வீட்டுக்காரர் கோபப்பட்டார். விலையையும் குறைக்கவில்லை. நாங்கள் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டோம். அவள் புருஷன் ஒரு மாசம் என்னோடு பேசவில்லை, "அமைஞ்ச வீட்டைக் கலைச்சுட்டாங்க" என்று. பேசாவிட்டால் போகட்டும், அட்வான்ஸ் பணம் அவர்கள் கையிலேயே இருக்கு. அவள் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறாள். அதோ, மூணாவது வரிசையில் சிரிக்கிறாளே, அவள்தான். இப்போது வேறு வீடு பார்த்திருக்கிறாளாம். "மழை நாள்ல போய்ப் பார்க்கலாம் அக்கா" என்று அவளே சொல்லிவிட்டாள். வர்ற ஞாயிற்றுக்கிழமை போகிறோம்.