நீர்க்கரைச் செடியை இனங்காணல்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



புகைவண்டி அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் எனக்குச் செடிநூற் புலமை இல்லை. கண்ணும் கையும் கொண்டு அறியக்கூடிய ஒன்றையே இங்குச் சொல்ல விரும்புகிறேன்.

பொதிகைத் தொடரின் கீழ்ப்புறம் தாமிரவருணி இறங்குகிறது. மேல்புறம், பொன்முடி அடிவாரத்தில் வித்துரா இருக்கிறது. அவ்வழியே கல்லாறு ஓடுகிறது. கீழ்ப்புறத்துப் பத்தமடையில் கோரையைக் கீறி, நீரில் ஊறவைத்துப் பட்டுப்போன்ற பாய் நெய்தனர். அப்பாயில் மணமக்கள் அமர்ந்த மரபினர் நாம். ஆயினும், நம் பிள்ளைகளுக்கு ஓடைக்கரையில் நிற்பவை யாவும் ‘புல்’தான்!

தொல்காப்பிய மரபியல், புறத்தே வன்மையுடையதைப் புல் என்றும், அகத்தே வன்மையுடையதை மரம் என்றும் பகுத்தது. தண்டை ஆராய்ந்து இனம் பிரித்தல் நமக்குப் புதிதன்று. அவ்வழியே இன்னும் சிறிது நுணுகிப் பார்ப்போம்.

புல்லின் தண்டில் கணு உண்டு. இலைகள் இரு வரிசையில் நிற்கும். கோரையின் தண்டில் கணு தென்படாது. விரல்களிடையே உருட்டினால் மூன்று விளிம்புகள் தட்டுப்படும். மலையாள அன்பர்கள் ‘முத்தங்ங’ என்று அழைக்கும் நமது கோரைக்கிழங்குச் செடியில் இதனைக் காணலாம்.

மூன்றாவது இனம் ஒன்று உண்டு. செடிநூலார் அதனை ‘ஜுங்கஸ்’ என்பர். அதில் ‘பிரிஸ்மட்டோகார்ப்பஸ்’ என்னும் வகை தென்னாட்டு மலைகளின் ஈரப் புல்வெளிகளிலும் ஓடைக்கரைகளிலும் தானே வளர்வது. அதன் இலையை விரலால் நீவினால், உள்ளே குறுக்குத் தடுப்புகள் சிறு மேடுகளாகத் தட்டுப்படும். ஆனால், தண்டை மட்டும் நம்பலாகாது. கோரையிலும் சிலவற்றின் தண்டு உருண்டையாயிருக்கும். முடிவு சொல்வது பூவும் காயுமே. உருப்பெருக்கிக் கண்ணாடியில் நோக்கினால், ஜுங்கஸ் பூவில் ஆறு சிற்றிதழ்கள் விண்மீன்போல் விரிந்திருக்கும். முப்பட்டைக் காய் முதிர்ந்து மூன்றாகப் பிளந்து, துகள்போன்ற பல விதைகளை உதிர்க்கும். புல்லிலும் கோரையிலும் ஒரு மணிக்கு ஒரு விதையே.

இதனை அறிவதால் என்ன பயன் என்று சிலர் வினவலாம். ஈரநிலத்தை மண்ணிட்டு நிரப்புவோர், ‘வெறும் புல்தானே!’ என்றே தொடங்குகின்றனர். நெல்வயலையும் ஈரநிலத்தையும் காக்கக் கேரளம் 2008-ஆம் ஆண்டில் சட்டம் இயற்றியது. ஆனால், அங்கு நிற்பது எதுவென அறியாதவர்க்கு, அது அழிந்ததும் தெரியாது.

பெற்றோர்களே! அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை ஓடைக்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். வேரோடு பிடுங்க வேண்டா; ஒரு தண்டு போதும். அதனை அவர்கள் கையில் கொடுத்து, ‘இது எந்த இனம்?’ என்று கேளுங்கள்.