அவதூறு வரும்போது அமானிதம் காப்போம்!

(திருப்பூரில் இளைஞர்கள், வணிகர்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)



"உங்களை எப்படி நம்புவது?" என்று ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டால் என்ன செய்வது? சட்டையைப் பிடிப்பதா? கூனிக் குறுகி ஒதுங்குவதா? இரண்டுமே முஃமினின் வழியல்ல.

2020 மார்ச் மாதத்தை நினைத்துப் பாருங்கள். டெல்லி நிஜாமுத்தீன் தப்லீக் மர்கஸில் கூடியவர்களிடையே கொரோனா கண்டறியப்பட்டது. நோய் யாருக்கும் வரும். ஆனால் சில தொலைக்காட்சிகள் அதைச் சதியாகக் காட்டின. முஸ்லிம் வியாபாரிகளிடம் வாங்காதீர்கள் என்ற பிரச்சாரமும் நாட்டின் பல பகுதிகளில் நடந்தது.

அந்த ஜமாஅத்தில் குணமடைந்தவர்கள் என்ன செய்தார்கள்? டெல்லியில் வரிசையில் வந்து பிளாஸ்மா தானம் செய்தார்கள். பெறுபவர் எந்த மதம் என்று கேட்கவில்லை. 2020 ஆகஸ்ட் 21ல் மும்பை உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை, வெளிநாட்டவர் 29 பேர் மீதான வழக்குகளை ரத்து செய்தது. அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டிருக்கலாம் என்றும் கூறியது. 2025 ஜூலை 17ல் டெல்லி உயர்நீதிமன்றம், அவர்களுக்கு இடம் கொடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட 70 இந்தியர்கள் மீதான 16 வழக்குகளையும் ரத்து செய்தது. அவதூறு ஒரே இரவில் நாட்டைச் சுற்றியது. நீதி வந்து சேர ஐந்தாண்டுகள் ஆயின!

இந்த இடைப்பட்ட காலத்தில் எப்படி நிற்பது?

அண்ணல் நபி (ஸல்) அவர்களைப் பொய்யர் என்றார்கள், சூனியக்காரர் என்றார்கள் மக்கத்துக் குறைஷிகள். ஆனால் தங்கள் பொருட்களை யாரிடம் ஒப்படைத்து வைத்தார்கள்? அதே அல்அமீனிடம்தான்! கி.பி. 622ல், கொலைச்சதி சூழ்ந்த இரவில் ஹிஜ்ரத் புறப்பட்டபோதும், அந்த அமானிதங்களை உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்க அலீ (ரலி) அவர்களை நிறுத்திவிட்டே சென்றார்கள்.

வணிகப் பெருமக்களே! நூல் ஒருவருடையது; நிட்டிங் ஒருவர், சாயம் ஒருவர், தையல் ஒருவர், செக்கிங் இன்னொருவர். நம்பிக்கை இல்லாவிட்டால் ஒரு பீஸ் கூட ஊரை விட்டு வெளியே போகாது. 1925ல் இவ்வூரில் பனியன் தொழிலைத் தொடங்கியவர் குலாம் காதர் என்பது வரலாறு. நாம் இங்கே வந்தேறிகள் அல்லர், தலைநிமிர்ந்து நில்லுங்கள். ஆனால் எடை குறைந்தால், சொன்ன தேதி தவறினால், கொடுத்த செக் திரும்பினால், அவதூறு பேசுபவருக்கு நாமே ஆதாரம் எடுத்துக் கொடுத்தவர்களாவோம்.

இளைஞர்களே! 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் போலி வீடியோக்கள் பரவின. நம் ஊர்த் தொழிலாளர்களும் அஞ்சினர். அவை பொய் எனக் காவல்துறை அறிவித்தது. பீகார் அரசின் குழு திருப்பூருக்கே வந்து விசாரித்தது. நம்மைப் பற்றிய வதந்தி நமக்கு வலித்ததே, பிறரைப் பற்றிய வதந்தியை நாம் பரப்பலாமா? வந்த செய்தியைத் தீர விசாரிக்கும்படி அல்ஹுஜுராத் அத்தியாயம் (49:6) நமக்குக் கட்டளையிடுகிறதே!

அவதூறுக்குச் சட்டப்படி புகார் கொடுங்கள், நீதிமன்றம் செல்லுங்கள். வசவுக்கு வசவு வேண்டாம். நாளைக் காலை கடை திறந்ததும், கொடுக்க வேண்டிய பாக்கியை முதலில் கொடுங்கள். நம்மைச் சந்தேகிப்பவருக்கு அதைவிடத் தெளிவான பதில் இல்லை.

அமானிதம் பேணும் மக்களாக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்குவானாக! ஆமீன்.