செங்கல் சுவரைக் கொஞ்சம் பாருங்கள்



சென்னை உயர்நீதிமன்றத்தைப் பஸ்ஸிலேயே தாண்டிப் போகிறோம். 1892-ல் திறந்த செங்கல் மாளிகை. கட்டியவர் ஒப்பந்ததாரர் நம்பெருமாள் செட்டியார். இறங்கிப் பார்த்தவர் எத்தனை பேர்?

நம்ம மெயின் பில்டிங்கும் செங்கல்தான். ஒரு வரியில் கல்லின் நீளப்பக்கம் தெரியும், அடுத்த வரியில் தலைப்பக்கம். 'இங்கிலீஷ் பாண்ட்' என்பார்கள். இணைப்புக்கு நேர்மேலே இணைப்பு விழாது. விரிசல் சுலபத்தில் ஓடாது. ஜன்னல் வளைவில் இரும்புக் கம்பியே கிடையாதுங்க! கற்கள் ஒன்றையொன்று நெருக்கியே எடையைத் தாங்குகின்றன.

இதன்மேல் சிமெண்ட் பூசலாம் என்று பேச்சு அடிபடுகிறது. வேண்டாம், கும்பிட்டுக் கேட்கிறேன். சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் உள்ளேயே அடைக்கும், செங்கல் பொரிந்து உதிரும். சங்கம் செலவழிப்பதானால் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடட்டும்.

டீ குடித்ததும் வடக்கு வராந்தாவுக்கு வாங்க, காட்டுகிறேன்.