வெட்சி சூடிய காவலர்



புறத்திணை வகுப்பில் மாணவி ஒருத்தி ஒருமுறை கேட்டாள்: "ஆநிரை கவர்பவன் வெட்சி சூடுகிறான், மீட்பவன் கரந்தை சூடுகிறான். மீட்க வந்தவனும் வெட்சியையே சூடிக்கொண்டால் என்னாகும், அம்மா?" அன்று சிரித்துக் கடந்துவிட்டேன். அமெரிக்கக் காவலர் சிலர் நடத்தும் மோட்டார் சைக்கிள் கழகங்களைப் பற்றிப் படித்தபோது அவ்வினா மீண்டும் எழுந்து நின்றது.

1947 ஜூலையில் கலிபோர்னியாவின் ஹாலிஸ்டர் என்னும் சிற்றூரில் மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்குத் திரண்டோர் செய்த ஆரவாரத்தை இதழ்கள் பெரிதாக்கின. 1953இல் மார்லன் பிராண்டோ நடித்த 'தி வைல்ட் ஒன்' திரைப்படம் தோலாடை அணிந்த அடங்காத இளைஞனை உலகறியச் செய்தது. வண்டியோட்டிகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் சட்டத்துக்கு அடங்கியவர் என்று அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் கூறியதாக ஒரு கதை வழங்குகிறது. அவ்வாறு கூறியதற்குப் பதிவு ஏதும் இல்லை என்பது சங்கத்தின் மறுமொழி. ஆயினும், எஞ்சிய அந்த ஒருவர் நாங்களே என்று சட்டத்தை மறுத்த கழகத்தார் '1%' சின்னத்தை மேலாடையில் தைத்துக்கொண்டனர்.

அவர்தம் கையில்லா மேலாடையின் முதுகில் மூன்று துண்டுகள் உண்டு. மேலே கழகத்தின் பெயர், நடுவே இலச்சினை, கீழே நிலத்தின் பெயர். கீழ்த்துண்டு வெறும் முகவரி அன்று. 'இந்நிலம் எமது' என்னும் அறைகூவல். 2015 மே 17 அன்று டெக்சாஸ் மாநிலத்து வேக்கோ நகரில் ஒன்பது பேர் மாண்டனர். பாண்டிடோஸ், கோசாக்ஸ் என்னும் இரு கழகங்களிடையே அதற்கு முன்பே மூண்டிருந்த பகையில், 'டெக்சாஸ்' என்னும் ஒற்றைச் சொல்லை யார் அணிவது என்பதும் ஒரு காரணம். சொல்லின் எடையை அறிந்த கவிஞர்களுக்கு இதனை நான் விளக்க வேண்டியதில்லை.

காவலர் கூடி வண்டியோட்டுவதில் குற்றமில்லை. 1974இல் மெய்ன் மாநிலத்துப் பாங்கர் நகரில் காவல் அலுவலர்கள் தொடங்கிய புளூ நைட்ஸ் கழகம் குடும்பத்தோடு உலாச் செல்கிறது; அறப்பணிக்கு நிதி திரட்டுகிறது. வாரமெல்லாம் சீருடைக்குள் அடங்கியவர் ஓய்வுநாளில் காற்றை நாடுவதும் இயல்பே. ஆனால் பின்வந்த கழகங்கள் சில, எவரை அடக்குவது தம் கடமையோ அவருடைய கோலத்தையே எடுத்துக்கொண்டன. கோலத்தோடு அதன் வழக்கும் வந்து சேர்ந்தது.

2008 ஆகஸ்டில் தென் டகோட்டாவின் ஸ்டர்ஜிஸ் நகரத்து மதுக்கூடமொன்றில், அயர்ன் பிக்ஸ் என்னும் காவலர், தீயணைப்போர் கழகத்தைச் சேர்ந்தவரும் சியாட்டில் காவல்துறைத் துப்பறிவாளருமான ஒருவர், ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் உறுப்பினர் ஒருவரைச் சுட்டுக் காயப்படுத்தினார். அன்று அவர் பணியில் இல்லை. 2016 ஜனவரியில் டென்வர் நகரத்து மோட்டார் சைக்கிள் கண்காட்சியில் அயர்ன் ஆர்டர், மங்கோல்ஸ் கழகத்தார் மோதியதில் ஓர் உயிர் போயிற்று. துப்பாக்கி எடுத்தவருள் அயர்ன் ஆர்டரைச் சேர்ந்த சிறைத்துறை அலுவலர் ஒருவரும் இருந்தார்.

இந்நிகழ்ச்சிகளில் யார் முதலில் கை ஓங்கினார் என்பதை ஆராய்வது நீதிமன்றத்தின் வேலை. என் கவலை வேறு. அருகில் நின்ற பொதுமகன் அபயம் என்று யாரை நோக்கி ஓடுவான்? இரு பக்கமும் ஒரே தோலாடை, ஒரே முறுக்கு. தீயவர் நல்லவர் கோலம் பூணுவதைக் கூடாவொழுக்கம் என்று வள்ளுவர் கடிந்தார். இதுவோ அதன் மறுதலை. நல்ல பொறுப்பிலுள்ளவர் தீயவரின் கோலத்தை விரும்பிப் பூணுதல். அந்தக் கோலம் தரும் அச்சமே அவருக்கு இனிக்கிறது என்றால், சீருடை தரும் மதிப்பு அவருக்குப் போதவில்லை என்பதே பொருள்.

அடையாளப் பூவை நம் முன்னோர் வெறும் அழகுக்காக வைக்கவில்லை. போர்ப்புழுதியில் முகம் தெரியாதபோது பூவே ஆளைச் சொல்லும்; அவன் கடமையையும் சொல்லும்.

அந்த மாணவிக்கு இன்று விடை சொல்வேன்: மீட்க வந்தவனும் வெட்சி சூடினால், ஆநிரைக்கு உரியவர் இருவரையும் கண்டு கதவடைப்பர், அம்மா.