விளையாட்டு வீரரிடம் நாம் ஒழுக வேண்டிய முறை
(தென்னூரில் நடைபெற்ற நம் சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

காஜாமலை அண்ணா விளையாட்டரங்கில் பயிலும் கல்லூரி மாணாக்கரைக் கடைவீதியில் காணுங்கால், நம்மவர் அவர்களைச் சூழ்ந்துகொள்வதுண்டு. அன்பின் மிகுதியால் செய்வதேயாயினும் அதற்கும் ஓர் எல்லையுண்டு.

2021-ஆம் ஆண்டு ஆகஸ்டில் நிகழ்ந்ததை நினைவுகூர்வோம். டோக்கியோ ஒலிம்பிக் பந்தயத்தில் கலப்புத் தொடர் ஓட்ட அணியில் இடம்பெற்றிருந்த நம் திருச்சி மங்கையர் தனலட்சுமியும் சுபாவும் விமான நிலையத்தில் வந்திறங்கினர். வரவேற்பினிடையே, தம் சகோதரி காலஞ்சென்ற செய்தி தனலட்சுமிக்குத் தெரியவந்தது. ஓட்டத்திற்குக் குந்தகம் நேராவண்ணம் தாயார் அதனை மறைத்திருந்தார். அப்பெண் மண்டியிட்டுக் கதறினார். அக்கண்ணீரையும் படக்கருவிகள் விட்டுவைக்கவில்லை.

எதிரே வரும் வீரரின் உள்ளத்தில் யாதுளதென்று நாம் அறியோம். ஆதலின், கைகூப்பி ஒரு சொல் பாராட்டி வழிவிடுதலே முறை. உண்ணும்போதும் பெற்றோருடன் இருக்கும்போதும் நெருங்கலாகாது. அனுமதியின்றிப் படமெடுத்தல் தகாது. பெண்மக்கள் விஷயத்தில் இது பின்னும் முக்கியம். தோற்றவரிடம் காரணம் வினவுதல் புண்ணிற் கோலிடுதலாகும்.

அவர்களும் நம் வீட்டுப் பிள்ளைகள் போன்றவரே. இதனை நம் சிறார்க்கும் கற்பிப்போமாக.