வானம் ஏமாற்றிய கேமரா

வடதுருவத்தை ஒட்டிய நாடுகளில் இரவு வானத்தில் பச்சையாக ஒரு வெளிச்சம் அலையடிக்கும். துருவ ஒளி என்பார்கள். சூரியனிலிருந்து வருகிற மின்துகள்கள், சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் ஆக்சிஜனை உசுப்பிவிடுவதால் வருகிற பச்சை அது. இன்றைக்கு செல்போனை ஆடாமல் நிறுத்தி, சில நொடிகள் வெளிச்சத்தை வாங்கவிட்டாலே படம் விழுந்துவிடும். கண்ணுக்குச் சாம்பல் நிறமாகத் தெரிவதுகூட அதில் பச்சையாக வந்து நிற்கும்.

சோஃபஸ் டிரோம்ஹோல்ட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. டென்மார்க்கைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர். துருவ ஒளி மேல் தீராத பைத்தியம். 1882-ல் நார்வேயின் வடகோடியில் கவுட்டோகெய்னோ என்கிற ஊருக்குப் போய், அந்தக் குளிர்காலத்தை அங்கேயே கழித்தார். வானத்துக்கு நேரே கேமராவை வைத்துப் பார்த்தார். தகட்டைக் கழுவினால் வெறும் இருட்டு! அந்தக் காலத்துக் கண்ணாடித் தகட்டுக்கு அவ்வளவு மெல்லிய வெளிச்சம் உறைக்கவில்லை. மனுஷர் பாவம், பென்சிலை எடுத்து வரைய ஆரம்பித்துவிட்டார்.

துருவ ஒளியின் உருவம் தெரிகிற படத்தை 1892-ல் முதலில் எடுத்தவர் மார்ட்டின் பிரெண்டல் என்கிற ஜெர்மானியர். அதுவும் மங்கல்தான்.

டிரோம்ஹோல்ட்டின் கேமரா சும்மா இருக்கவில்லை. அந்த வட்டாரத்துப் பழங்குடிகளான சாமி மக்களை, முகம் முகமாக, மரியாதையோடு படம் எடுத்தது. என்னைக் கேட்டால், வானத்தைவிட அந்த முகங்கள்தான் அழகு. அந்தப் படங்களை யுனெஸ்கோ 2013-ல் தன் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டது.